கையால் செய்யும் வாழ்த்து அட்டையும் அன்பளிப்பும்: ஒரு செய்முறை வழிகாட்டி

அன்புக்குரியவர்களுக்குக் கையால் ஒரு வாழ்த்து அட்டை செய்ய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வண்ணத்தாளையும் கத்தரிக்கோலையும் தேடுகிறார்கள். அவற்றைக் கையில் எடுப்பதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. யாருக்காகச் செய்கிறோமோ அவரிடம் என்ன சொல்லப் போகிறோம் என்பதை ஒரு வெற்றுத்தாளில் எழுதிப் பார்த்துவிட வேண்டும். அட்டையின் அளவு, தாளின் கனம், மடிப்பின் வகை, அலங்காரம் வேண்டுமா வேண்டாமா என்பன எல்லாம் அந்த எழுத்தைப் பின்பற்றியே முடிவாக வேண்டியவை.

1843-ஆம் ஆண்டு லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு வரையச் செய்து வெளியிட்ட அட்டையே வணிக முறையில் அச்சான முதல் கிறிஸ்துமஸ் அட்டையாகக் கருதப்படுகிறது. கல்லச்சில் அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டிய அந்த அட்டையில் பெறுபவரின் பெயருக்கும் அனுப்புபவரின் பெயருக்கும் இடம் விடப்பட்டிருந்தது. நடுவில் இருந்த வாழ்த்து எல்லோருக்கும் ஒன்றுதான். கடையில் கிடைக்கும் அட்டைகள் இன்றும் ஏறத்தாழ அந்த அமைப்பிலேயே இருக்கின்றன. நாமே செய்யும்போதுதான் அந்த நடுப்பகுதியும் ஒருவருக்கே உரியதாகிறது. ஆகவே வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் காட்டும் பொறுமையில் பாதியையாவது எழுதுவதில் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எழுத வேண்டியதைக் கண்டெடுத்தல்

பாராட்டுச் சொற்களோடு தொடங்கினால் எழுத்து நகராது. அவர் செய்த ஒரு காரியத்தை, அது நடந்த இடத்தோடும் நேரத்தோடும் நினைவுக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து தொடங்குவது எளிது. அக்காவுக்கு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். “நீ எனக்கு இன்னொரு அம்மா, உன் அன்புக்கு ஈடு இல்லை” என்பதை எந்த அக்காவுக்கும் எழுதலாம். “தேர்வுக்கு முந்தைய இரவு நான் படித்து முடிக்கும்வரை நீயும் தூங்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாய், தைத்த பொத்தானையே பிரித்துப் பிரித்துத் தைத்தாய் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது” என்பதை ஓர் அக்காவுக்கு மட்டுமே எழுத முடியும். இரண்டாவதில் அன்பு என்ற சொல்லே வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை.

நிகழ்ச்சியை எழுதியபின், அது உங்களுக்கு என்ன செய்தது என்று ஒரு வாக்கியமும், இப்போது அவருக்காக என்ன விரும்புகிறீர்கள் என்று ஒரு வாக்கியமும் போதும். நான்கு முதல் எட்டு வரிகளுக்குள் முடிந்தால் அட்டையிலேயே எழுதலாம். அதற்கு மேல் நீண்டால் சுருக்க முயல வேண்டாம். அதைத் தனிக் கடிதமாக எழுதி, அட்டையின் உட்புறம் ஒரு தாள்பை ஒட்டி அதற்குள் வைத்துவிடலாம். கவிதையோ மேற்கோளோ சேர்க்க விரும்பினால் உங்கள் சொந்த வரிகளுக்குப் பின்னால் சேருங்கள். முன்னால் வைத்தால் உங்கள் வரிகள் அதற்கு உரை எழுதியதுபோல் ஆகிவிடும்.

துயரத்தில் இருப்பவருக்கு எழுதும் அட்டையில் கூடுதல் கவனம் வேண்டும். காலம் ஆற்றும், மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்பன போன்ற அறிவுரைகளை விட்டுவிட்டு, மறைந்தவரைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ குறிப்பிட்டு, அவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஒன்றை எழுதுங்கள். இழந்தவர்கள் அறியாத ஒரு சிறு நினைவு அவர்களுக்குப் பெரிய கொடை. நோயுற்றவருக்கு எழுதும்போது உடல்நிலை பற்றிய கேள்விகளைத் தவிர்ப்பது நல்லது. கேள்வி இருந்தால் பதில் எழுத வேண்டிய கடமையும் அவர் தலையில் ஏறும்.

எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அவரிடம் நேரில் பேசும்போது நீங்கள் ஒருபோதும் சொல்லாத சொல் ஏதேனும் தட்டுப்பட்டால் அதை மாற்றுங்கள். வீட்டில் “நீ” என்று அழைக்கும் தம்பிக்கு அட்டையில் மட்டும் “தாங்கள்” என்று எழுதினால் எழுத்து அந்நியமாகிவிடும். பிறகு வரிகளை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைதான் அட்டையின் அளவைச் சொல்லும்.

தாளும் அதன் இழை ஓட்டமும்

தாளின் கனம் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கில் குறிக்கப்படுகிறது. கடைகளில் இதை ஜி.எஸ்.எம். என்பார்கள். சாதாரண அச்சுத்தாள் பெரும்பாலும் 80 ஜி.எஸ்.எம். அளவில் இருக்கும். அது அட்டைக்கு ஆகாது. நிறுத்தி வைத்தால் வளைந்துவிடும். 200 முதல் 300 ஜி.எஸ்.எம். வரையுள்ள கெட்டித்தாள் அட்டைக்குப் பொருத்தமானது. வழவழப்பான மேற்பரப்பு உள்ள தாளில் பேனா மை உலர நேரமாகும், கை பட்டால் இழுபடும். ஆகவே எழுதும் பக்கமாவது பூச்சு இல்லாத தாளாக இருக்கட்டும். பல ஆண்டுகள் வைத்திருக்கப்படும் என்று எதிர்பார்த்தால் அமிலமற்ற தாள் என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள். மலிவான மரக்கூழ்த் தாளில் எஞ்சியிருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பாகும். பழைய செய்தித்தாள் மஞ்சளாவதும் இதனால்தான்.

அட்டை செய்பவர்கள் பலர் கவனிக்காத ஒன்று தாளின் இழை ஓட்டம். ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே பெரும்பாலான இழைகள் படிவதால், தாள் அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் வழவழவென்று மடியும். குறுக்காக மடித்தால் மடிப்பின் ஓரம் வெடித்துப் பிசிறு தெரியும். தாளை மடிக்காமல், இரு திசையிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் எதிர்ப்புக் குறைவாக இருக்கிறதோ, அப்படி வளைக்கும்போது மடிப்பு விழக்கூடிய கோட்டுக்கு இணையாகத்தான் இழை ஓடுகிறது.

210 × 297 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ4 தாள்களில் பெரும்பாலானவற்றில் இழை நீளவாக்கில் ஓடும். அத்தகைய தாளை அப்படியே இரண்டாக மடித்தால் மடிப்பு இழைக்குக் குறுக்கே அமைகிறது. அதே தாளை முதலில் நடுவில் வெட்டி 148 × 210 மில்லிமீட்டர் அளவுள்ள இரண்டு ஏ5 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் மடித்தால் மடிப்பு இழையோடு ஒத்துப்போகும். ஒரே தாளில் இரண்டு ஏ6 அட்டைகள் கிடைக்கும். எட்டு வரி எழுத அந்த அளவு தாராளம். பெரிய அட்டைதான் வேண்டும் என்றால் குறுக்கே மடிப்பதிலும் தவறில்லை, மடிப்புக்கோட்டை நன்றாக அழுத்தி வரைந்துகொண்டால் போதும்.

மடித்தல், வெட்டுதல், ஒட்டுதல்

கெட்டித்தாளை வெறும் கையால் மடிக்கக் கூடாது. மடிப்பு வர வேண்டிய இடத்தில் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் சீரான அழுத்தத்தில் ஒரு கோடு இழுங்கள். தாள் கிழியாமல் ஒரு பள்ளம் விழும். மறுபக்கம் மெல்லிய புடைப்புத் தெரியும். பள்ளம் அட்டையின் வெளிப்பக்கமும் புடைப்பு உட்பக்கமும் அமையுமாறு மடித்தால் இழைகள் குறைவாக இழுபட்டு மடிப்பு நேர்த்தியாக அமையும். மடித்தபின் மேலே ஒரு வெள்ளைத்தாளை வைத்து, அதன் மேல் கரண்டியின் முதுகால் தேய்த்துவிடுங்கள். தாள் இல்லாமல் தேய்த்தால் அடர்நிற அட்டைகளில் பளபளப்பான தழும்பு விழும்.

நேர்க்கோட்டில் வெட்டுவதற்குக் கத்தரிக்கோலைவிடக் கட்டர் நல்லது. உலோக ஸ்கேலும் அடியில் தடித்த அட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இழுப்பில் வெட்டிவிட நினைக்காமல், இலேசான அழுத்தத்தில் இரண்டு மூன்று முறை இழுத்தால் ஓரம் பிசிறில்லாமல் வரும், கையும் பாதுகாப்பாக இருக்கும். மழுங்கிய அலகுதான் வழுக்கிக் கையைப் பதம்பார்க்கும். ஆகவே அலகின் முனையை அடிக்கடி ஒடித்துப் புதுப்பியுங்கள்.

பசையைப் பொறுத்தவரை ஒரே விதி: தாளின் மேல் தாளை முழுப் பரப்பில் ஒட்டும்போது நீர் கலந்த வெள்ளைப் பசையைத் தவிர்க்க வேண்டும். பசையிலுள்ள நீரை உறிஞ்சி இழைகள் விரிவதால் தாள் அலை அலையாகச் சுருங்கும். அந்த இடத்தில் இருபக்க ஒட்டுநாடாவோ பசைக்குச்சியோ போதும். துணி, மரத்துண்டு, பொத்தான் போன்ற கனமான சிறு பொருள்களுக்கு வெள்ளைப் பசையே உறுதியானது. ஒரு துளி வைத்து, முழுவதும் உலரும்வரை பாரத்தின் கீழ் விட்டுவிடுங்கள்.

எழுத்தை நல்லபடியாகப் படியெடுக்கும் வேலையை அலங்காரத்துக்கு முன் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு வரி பிசகினால் தாளை மாற்றுவது அப்போது எளிது. பென்சிலால் 8 மில்லிமீட்டர் இடைவெளியில் மெல்லிய கோடுகள் இழுத்து, அதே தாளின் ஒரு துண்டில் பேனாவைச் சோதித்து, மை ஊறிப் பரவுகிறதா என்று பார்த்தபின் எழுதுங்கள். பார்வை மங்கிய பெரியவர்களுக்கு எழுதும்போது இடைவெளியை 12 மில்லிமீட்டராக்கி, வெளிர்த்தாளில் கறுப்பு மையால் பெரிதாக எழுதுவதே மரியாதை. பென்சில் கோடுகளை மறுநாள் அழியுங்கள். காய்ந்துவிட்டதுபோல் தெரியும் மையும் அழிப்பானில் இழுபடக்கூடும்.

அலங்காரம்

மினுமினுப்புத் தூளும் ஒட்டுமணிகளும் கையில் கிடைக்கின்றன என்பதற்காகச் சேர்க்கப்படும்போது எழுத்திலிருந்து கண்ணைப் பிடுங்கிக்கொள்கின்றன. எழுதிய நிகழ்ச்சியிலிருந்தே ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் அலங்காரத்துக்குத் தனியாக யோசிக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன அக்காவின் அட்டைக்கு முன்பக்கத்தில் ஒரே ஒரு பழைய சட்டைப் பொத்தானை நூலால் தைத்துவிட்டால் முடிந்தது.

உலர்த்திய மலர் வைக்க விரும்பினால் சில வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். இதழ்கள் மெல்லியதாகவும் நடுப்பகுதி தட்டையாகவும் உள்ள பூக்களே தகுந்தவை. ஈரம் சிறிதும் இல்லாத வேளையில் பறித்து, உறிஞ்சும் தாள்களுக்கு இடையே பரப்பி, கனமான புத்தகங்களின் கீழ் இரண்டு முதல் நான்கு வாரம் வையுங்கள். முதல் வாரத்தில் தாளை இரண்டு மூன்று முறை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஒட்டும்போது பல்குத்தும் குச்சியின் முனையால் ஓரிரு புள்ளிகளில் மட்டும் பசை வைத்தால் போதும். நிறம் ஒளியில் மங்கும் என்பதால் அட்டையின் உட்பக்கத்தில் ஒட்டுவதே அதற்கு நீண்ட ஆயுள் தரும். புகைப்படம் வைப்பதானால் மூலப் படத்தை ஒட்டாமல் நகல் எடுத்து ஒட்டுங்கள். பசை பட்ட படத்தைச் சேதமின்றி மீட்பது மிகக் கடினம்.

திறக்கும்போது எழுந்து நிற்கும் படம் குழந்தைகளுக்குப் பெரும் மகிழ்ச்சி தரும், செய்வதும் எளிது. உள்தாளை மடித்த நிலையில் வைத்து, மடிப்பு ஓரத்திலிருந்து உள்நோக்கி 3 சென்டிமீட்டர் நீளத்தில், 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு இணையான வெட்டுகள் போடுங்கள். வெட்டுகளின் முனைகளை இணைக்கும் கோட்டில் அழுத்தி மடித்து, தாளைத் திறந்து, அந்தப் பட்டையை உட்புறமாகத் தள்ளினால் ஒரு படிக்கட்டு எழும். அதன் முன்முகத்தில், அடிப்பாகம் தரையைத் தொடுமாறு படத்தை ஒட்ட வேண்டும். அட்டையை மூடும்போது படம் வெளியே நீட்டாமல் இருக்க, வெட்டின் நீளமும் படத்தின் உயரமும் சேர்ந்து அட்டையின் அகலத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 10.5 சென்டிமீட்டர் அகலமுள்ள அட்டையில் 3 சென்டிமீட்டர் வெட்டுக்கு 7 சென்டிமீட்டர் உயரப் படம் சரியாக அடங்கும். பிறகு இந்த உள்தாளை வெளியட்டையோடு ஒட்டும்போது படிக்கட்டின் பின்புறத்தில் பசை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கான அட்டையில் பொத்தான், மணி போன்ற விழுங்கக்கூடிய சிறு பொருள் எதுவும் வேண்டாம்.

அட்டைக்கு மேல் ஒன்று தர விரும்பினால்

பலர் சேர்ந்து ஒருவருக்குத் தருவதற்குக் கையால் தைத்த சிறு புத்தகம் மிகச் சிறந்தது. தாத்தாவின் பிறந்தநாளுக்கோ ஓர் ஆசிரியரின் பணி நிறைவுக்கோ உறவினரும் நண்பரும் ஆளுக்கொரு நினைவைத் தம் கையெழுத்திலேயே எழுதித் தரலாம். எட்டு ஏ4 தாள்களை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் 32 பக்கம் கிடைக்கும். எழுதக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். செருகிய நிலையில் ஒரு தாளின் முன்பாதி நூலின் தொடக்கத்திலும் பின்பாதி அதன் முடிவிலும் போய்விழும். ஆகவே ஒருவருக்கு ஒரு பாதியின் இரு பக்கங்களை மட்டும் ஒதுக்கி, மறுபாதியை இன்னொருவருக்குக் கொடுங்கள். மடிப்போரம் 2 சென்டிமீட்டர் எழுதாமல் விட வேண்டும் என்று பென்சிலால் கோடிட்டே கொடுத்துவிட்டால் பிறகு எழுத்து தையலுக்குள் மறையாது.

தாள்கள் சேர்ந்தபின் 200 ஜி.எஸ்.எம். மேலட்டையோடு அடுக்கி, மடிப்பின் நடுவில் ஒன்றும், மேல்முனையிலிருந்தும் கீழ்முனையிலிருந்தும் மூன்றரை சென்டிமீட்டரில் ஒவ்வொன்றுமாக மூன்று துளைகள் இடுங்கள். தடித்த நூலில் 55 சென்டிமீட்டர் எடுத்து, நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே ஊசியைச் செலுத்தி, உட்பக்கம் அரைச் சாண் நூலை விட்டுவையுங்கள். வெளிப்புறமாக மேல்துளைக்குச் சென்று உள்ளே வாருங்கள். உட்புறமாக நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளை வழியே வெளியேறுங்கள். மறுபடி நடுத்துளை வழியே உள்ளே வாருங்கள். இப்போது நூலின் இரு முனைகளும் உள்ளே இருக்கும். நடுவே ஓடும் நீண்ட இழையின் இருபுறமும் ஒவ்வொரு முனை வருமாறு வைத்து, அந்த இழையைப் பிடித்தபடி இறுக்கி முடிச்சிட்டால் நூல் தளராது.

இன்னொரு அன்பளிப்பு, ஒருவரின் கையெழுத்தையே துணியில் தைத்துத் தருவது. அம்மாவுக்கு அவருடைய அம்மா எழுதிய பழைய கடிதம் ஒன்றிலிருந்து, “சீக்கிரம் வா” என்பது போன்ற ஒரு வரியையோ கையொப்பத்தையோ தேர்ந்தெடுங்கள். கடிதத்தின் நகலைப் பகல் வெளிச்சம் படும் சன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன் மேல் வெளிர்நிறப் பருத்தித் துணியை வைத்து, நீரில் அழியும் பேனாவால் எழுத்துகளின் மேல் வரையுங்கள். துணியை முன்பே ஒருமுறை துவைத்துக் காயவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிற்பாடு அது சுருங்கித் தையலும் சுருங்கும். ஆறு இழை எம்பிராய்டரி நூலில் இரண்டு இழைகளைப் பிரித்தெடுத்து, வளையத்தில் இறுக்கிய துணியில் பின்தையல் (ஒவ்வொரு தையலும் முந்தைய தையலின் முனைக்கே திரும்பிச் சேரும் தையல்) போடுங்கள். வளைவுகளில் ஒவ்வொரு தையலும் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாதிருந்தால் எழுத்தின் சுழி அப்படியே விழும். கோணலாக இருக்கும் எழுத்தைத் திருத்தாதீர்கள். அந்தக் கோணலில்தான் எழுதியவர் இருக்கிறார். முடித்தபின் முதலில் குளிர்ந்த நீரில் அலசி வரைந்த கோடுகளைப் போக்கிவிட்டு, அதன் பிறகே துண்டின் மேல் கவிழ்த்துப்போட்டு இஸ்திரி போட வேண்டும். அலசாமல் சூடு காட்டினால் அந்த மை துணியிலேயே நிலைத்துவிடக்கூடும்.

தையலுக்கு நேரமில்லாதவர்கள் ஒரு சிறு கண்ணாடிச் சீசாவில் மடித்த துண்டுத்தாள்களை இட்டுத் தரலாம். எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகப் பொதுவான வாசகங்களை நிரப்பாமல், உண்மையான நினைவுகள் பத்துப் பன்னிரண்டு இருந்தாலே போதும்.

உறையும் அனுப்புதலும்

ஏ6 அட்டைக்கு 114 × 162 மில்லிமீட்டர் அளவுள்ள சி6 உறை பொருந்தும். நீங்களே செய்வதானால் ஒவ்வொரு பக்கமும் 4 அல்லது 5 மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள். பொத்தான், தடித்த மலர் இருந்தால் இன்னும் சற்றுக் கூடுதலாக. அஞ்சலில் அனுப்பும் அட்டையில் மேடான பொருள் இருந்தால் அதன் மேல் ஒரு மெல்லிய அட்டைத் துண்டை வைத்து, கெட்டியான உறையில் போட்டு, பிரித்தெடுக்கும் இயந்திரத்தில் நசுங்காதபடி பொதியாக அனுப்புவது பாதுகாப்பானது. முகவரியை நீரில் கரையாத மையால் எழுதுங்கள். உறையை ஒட்டுவதற்கு முன் அட்டையின் பின்பக்கத்தில் உங்கள் பெயரையும் நாளையும் ஆண்டையும் சிறிய எழுத்தில் குறித்துவிட்டு, உள்ளே எழுதியதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவருக்கே எழுதும்போது சொன்ன நினைவையே மறுபடி சொல்லாமல் இருக்க அது உதவும்.